பண்டிகைக்கு வரும் மகளுக்கு



தீபாவளிக்கு இரு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு ஊருக்கு வருவதாகவும், வந்த கையோடு கும்பகோணத்திலும் திருவாரூரிலும் உள்ள உறவினர் வீடுகளையெல்லாம் பார்த்துவிட்டுத் திருச்சி வழியாகச் சென்னை திரும்பப் போவதாகவும் நீ எழுதியிருந்ததைப் படித்து நாங்கள் அடைந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. ஆயினும், நாலு வயதுப் பெண்ணையும் பத்து மாதக் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு இத்தனை பிரயாணம் செய்தால், பண்டிகை அவர்களுக்கு வேளைக்குச் சோறும் தூக்கமும் இல்லாத அலைச்சலாகவே முடியும் என்பது என் திடமான அபிப்பிராயம். ஒரே வீட்டில் தங்கிவிடு; பார்க்க வேண்டியவர்கள் இங்கே வரட்டும்.

பண்டிகையன்று கையில் கொடுக்கப்படும் பட்சணத்தைவிட, அதைச் செய்யும் வேலையில் தனக்கும் ஒரு பங்கு கிடைப்பதிலேதான் நாலு வயதுக் குழந்தை மெய்யான ஆனந்தம் அடைகிறது. ஆகையால் இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு. உன் பெரியம்மா ஊறவைத்த கடலைப்பருப்பும் பெருங்காயமும் சேர்த்துத் தட்டைக்கு மாவு பிசைந்து, நெல்லிக்காய் அளவு உருட்டி வெள்ளைத் துணியில் வைக்கும்போது, அதைத் தட்டும் வேலையைப் பேத்தியிடமே ஒப்படைத்துவிடலாம். ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் கிழிந்து, ஐந்து விரலும் பதிந்து வரும் அந்தத் தட்டையை யாரும் திருத்தக் கூடாது. அதையே பொரித்து, மற்றப் பட்சணங்களோடு அண்டை வீட்டாருக்கும் தெருப் பெருக்கும் அம்மாளுக்கும் அவள் கையாலேயே கொடுக்கச் செய்தால், பண்டிகையின் தாத்பரியம் உபதேசமின்றியே அவளுக்கு விளங்கிவிடும். அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறிய பிறகு மட்டும் அவளைக் கூடத்துக்கு அனுப்பிவிட வேண்டும்.

கங்கா ஸ்நானம் சூரியோதயத்துக்கு முன்பே ஆக வேண்டுமென்பது நம் குடும்பத்து வழக்கந்தான். அதற்காக உறங்குகிற குழந்தையை நாலு மணிக்கு எழுப்பி அழவைப்பதில் புண்ணியம் ஒன்றும் இல்லை. உச்சியில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்துச் சம்பிரதாயத்தை நிறைவேற்று. அவர்கள் தாமாக விழித்த பின், வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்த்து நீராட்டு. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடும் பழக்கம் அறவே வேண்டாம். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலில் இறங்கி நிமோனியாவை உண்டாக்கக் கூடும். தீபாவளி லேகியத்தில் சுக்கு, மிளகு, திப்பிலியோடு தேனும் சேர்வதால், ஒரு வயது நிரம்பாத சின்னவனுக்கு அதை நாவில் தடவவும் கூடாது. தேனில் சில சமயம் கலந்திருக்கும் ஒரு நுண்கிருமி, அந்த வயதுக் குடலில் பெருகி நஞ்சை உண்டாக்கித் தசைகளைத் தளரச் செய்துவிடும். இரண்டு வயது வரையில் சர்க்கரைப் பட்சணமே வேண்டாமென்று குழந்தை வைத்தியர்கள் சொல்கிறார்கள். வாத்ஸல்யத்தோடு ஊட்ட வரும் பெரியவர்களிடம் அதை நானே சொல்லிக்கொள்கிறேன். அந்தச் சங்கடம் உனக்கு வேண்டாம்.

கம்பி மத்தாப்பைச் சாதுவானதென்று எண்ணிக் குழந்தை கையில் கொடுத்துவிடுகிறோம். அதுவோ ஏறக்குறைய 1000 டிகிரி செல்சியஸ் சூட்டில் எரிகிறது. அணைந்த கம்பியும், பார்வைக்குக் கறுத்திருந்தாலும், மிதித்த பாதத்தைச் சுட்டுவிடும். நீ பிடிக்க அவள் பார்க்கட்டும். பருத்திப் பாவாடை, காலில் செருப்பு, எரிந்த கம்பிகளைப் போட வாளி நிறையத் தண்ணீர், இவை அவசியம். தப்பித் தவறிச் சுட்டுவிட்டால் மையோ பற்பசையோ தடவாமல், குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டிவிட்டு வைத்தியரிடம் போக வேண்டும். 2018 முதல் நம் மாநிலத்தில் காலை 6 முதல் 7 வரையிலும், இரவு 7 முதல் 8 வரையிலும் வெடிக்கத்தான் அனுமதி தந்து வருகிறார்கள். அந்த வேளைகளில் சின்னவனைப் புகை வராத பின்கட்டில் படுக்கவைப்போம். பெரியவளும் சத்தத்துக்கு அஞ்சி ஒளிந்தால், பயந்தாங்கொள்ளி என்று சொல்ல ஒருவரையும் விடாதே. அவளோடு உட்கார்ந்து கதை சொல்ல நான் இருக்கிறேன்.

பகல் வண்டியிலேயே வா. தேதியை உடனே தெரிவித்தால், பெரியம்மா அதற்குத் தக்கபடி அரிசியைக் களைந்து உலர்த்துவாள்.

இப்படிக்கு,
பெரியப்பா