பார்ட்டி பட்ஜெட்ல முதல் செலவு: வீட்டுக்குத் திரும்புற வண்டி

சம்பள வாரம். பெரம்பலூர்ல பார்ட்டி, வீடு அரியலூர்ல. நடுவுல சுமார் 30 கி.மீ., ராத்திரியில சிமெண்ட் லாரி ஓடுற ரூட். "மெதுவா ஓட்டிட்டுப் போயிடலாம்"னு தோணுதா? கணக்குப் போட்டுப் பாருங்க.

100 மி.லி. ரத்தத்தில் ஆல்கஹால் 30 மி.கி.-ஐத் தாண்டினாலே மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 185 பாயும். முதல் முறை ரூ.10,000 அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அடுத்த முறை அபராதம் ரூ.15,000. விபத்து நடந்தா, உங்க வண்டி சேதத்துக்கான இன்சூரன்ஸ் க்ளெய்மும் பொதுவா கிடைக்காது.

டாக்ஸிக்கு ரூ.1,000 ஆகும்னு வச்சுக்குவோம். நாலு பேர் பிரிச்சா தலைக்கு ரூ.250. ஒரு அபராதக் காசுல 40 தடவை பத்திரமா வீடு சேரலாம்!

செய்ய வேண்டியது:

1. பைக்கை வீட்டிலேயே விடுங்க; போகும்போது பஸ்.
2. ராத்திரி ஆப்ல வண்டி கிடைக்கும்னு நம்பாதீங்க. சாயந்திரமே தெரிஞ்ச டிரைவர் அண்ணன்கிட்ட நேரம், இடம், வெயிட்டிங், வாடகை எல்லாம் பேசிடுங்க.
3. பாதி வாடகையை முன்னாடியே ஜிபே பண்ணிடுங்க. மீதியைத் தனியா எடுத்து வைங்க.

குடிச்ச பிறகு எடுக்கிற முடிவை நம்ப முடியாது. அதனால, முதல் கிளாஸுக்கு முன்னாடியே வண்டி புக் ஆகியிருக்கணும்.