மீன் தொட்டியில் ஜலம் மாற்றுகையில் அளவறிதல்

சென்னையில் கொளத்தூர் முதலிய இடங்களில் அலங்கார மீன் வளர்ப்பு பலருக்கு ஜீவனோபாயமாக விளங்குகிறது. மீன்களின் கழிவும் தின்னாது எஞ்சிய இரையும் தொட்டியில் அம்மோனியாவை உண்டாக்குமாதலால், ஜலத்தில் ஒரு பகுதியை அவ்வப்போது இறைத்துவிட்டுப் புதுஜலம் விடுதல் அவசியம். இவ்வேலையைக் கண்மதிப்பாகச் செய்வது நஷ்டத்திற்கு ஏதுவாகும்.

தொட்டியின் கொள்ளளவு:— உட்புற நீளம், அகலம், ஜலத்தின் ஆழம் ஆகிய மூன்றையும் மீட்டரில் அளந்து ஒன்றோடொன்று பெருக்கி, வந்த தொகையை 1,000-ஆல் பெருக்கினால் லிட்டர்க் கணக்குக் கிடைக்கும். சுவரின் கனத்தைச் சேர்த்து அளத்தல் கூடாது. 2 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உள்ள சிமெண்டுத் தொட்டியில் அரை மீட்டர் ஆழம் ஜலம் நின்றால் அது 1,000 லிட்டர். மட்டம் 1 சென்டிமீட்டர் இறங்கினால் 20 லிட்டர் வெளியேறிற்று என்று அறிக. எனவே, கால்பங்கு மாற்றுவதற்கு மட்டம் 12.5 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். நிறைமட்டத்திற்கு ஒன்றும் இறக்குமட்டத்திற்கு ஒன்றுமாக உட்சுவரில் இரண்டு கோடுகள் இட்டுக்கொள்க. வட்டத் தொட்டியாயின், அடிப்பரப்பின் ஆரத்தை அதே ஆரத்தாலும், பின்னர் 3.14-ஆலும் ஆழத்தாலும் பெருக்கிக் கொள்ளலாம்.

உப்பின் கணக்கு:— மேற்படி தொட்டியில் லிட்டருக்கு 1 கிராம் வீதம் 1 கிலோ உப்பு இடப்பட்டிருப்பதாகக் கொள்வோம். 250 லிட்டர் இறைத்தால் அதனுடன் 250 கிராம் உப்பே வெளியேறும். ஆகையால் புதுஜலத்துடன் இடவேண்டுவதும் 250 கிராமே. ஒவ்வொரு முறையும் 1 கிலோ இடுபவரின் தொட்டியில் மூன்றாம் மாற்றத்திற்குப் பின் 2,700 கிராமுக்கு மேல் உப்பு நிற்கும். மோலி உவர்நீரையும் தாங்கும். எல்லா மீன்களும் அவ்வாறு தாங்கமாட்டா. மீன்கள் சோர்வதைக் கண்டு நோயென எண்ணி மேலும் உப்பிடுதல் பெருந்தவறு.

ஆவியாகும் ஜலம்:— வெயிற்காலத்தில் மட்டம் தானே இறங்கும். அப்போது ஜலம் மட்டுமே ஆவியாகிறது. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. மட்டம் 2 சென்டிமீட்டர் குறைந்திருந்தால், முதலில் 40 லிட்டர் வெறும் ஜலம் விட்டு நிறைமட்டத்திற்குக் கொணர்ந்து, கலக்கி, அதன்பின் இறைக்கத் தொடங்க வேண்டும். இன்றேல் கணக்குப் பிசகும்.

குழாய் வழி விடுதல்:— 15 லிட்டர் வாளி அரை நிமிஷத்தில் நிரம்பினால், நிமிஷத்திற்கு 30 லிட்டர் பாய்கிறதென்று பொருள். 250 லிட்டருக்கு எட்டு நிமிஷமும் 20 விநாடியும் பிடிக்கும். நகரக் குழாய் ஜலமாயின் குளோரினை நீக்கிய பின்னரே விடுக. அதற்கான மருந்தின் அளவும் ஜலத்தின் அளவைப் பொறுத்ததே.

மாற்றிய தேதி, லிட்டர், இட்ட உப்பு ஆகியவற்றை ஒரு சிறு புஸ்தகத்தில் தவறாது குறித்து வருதல் நலம். வீட்டில் எவர் வேலையைச் செய்யினும், முன்னர் இட்டதை மறந்து மீண்டும் இடும் பிழை நேராது.