வன்தட்டு மாற்றமும் கணினியின் தொடக்கப் பிழையும்

கணினியின் வன்தட்டிலே கோப்புகள் எங்கெங்கே உள்ளன, எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பதை வரையறுக்கும் ஒழுங்கே கோப்பு முறைமை எனப்படும். 1996 ஆம் ஆண்டில் வழக்கிற்கு வந்த ஃபாட் 32 அவற்றுள் ஒன்று. 1993 இல் விண்டோஸ் என்.டி.யுடன் வந்த என்.டி.எஃப்.எஸ். மற்றொன்று. முன்னையதில் தனியொரு கோப்பு 4 கிகாபைற்று அளவை எட்டலாகாது; நீண்ட விழாக் காணொளியைச் சேமிக்க முற்படுவோர் இவ்வெல்லையில் முட்டி நிற்பர். ஆதலின் பின்னையதற்கு மாறுதல் நன்று. ‘கொன்வேட்’ என்னுங் கட்டளை கோப்புகளை அழியாமலே இம்மாற்றத்தைச் செய்யும். ஆயின், பழைய முறைமைக்கு மீண்டுந் திருப்ப அதனால் இயலாது.

2001 இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி இவ்விரு முறைமைகளிலும் இயங்கியது. 2007 இல் வந்த விஸ்டா முதலாக, பணிசெயல் முறைமை நிறுவப்படும் பகுதி என்.டி.எஃப்.எஸ். ஆகவே இருத்தல் வேண்டும். எனவே ஈண்டுக் கூறும் இடர் பெரும்பாலும் பழைய எக்ஸ்பி கணினிகளுக்கே உரியது. 2014 இல் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிவுற்றதெனினும், அலுமாரியில் உறங்கும் அக்கணினிகளிலே பழைய மாணவர் பெயர்ப்பட்டியலும், மறைந்த ஆசான்மாரின் நிழற்படங்களும் இன்றும் இருத்தல் கூடும்.

மாற்றம் முடிந்து கணினியை இயக்குங்கால், கருந்திரையில் ‘என்.டி.எல்.டி.ஆர். இல்லை’ என்றோ, ‘தட்டை வாசிப்பதிற் பிழை’ என்றோ ஒரு வரி தோன்றுவதுண்டு. எல்லாம் அழிந்தனவென்று அஞ்சித் தட்டை ‘ஃபோர்மட்’ செய்துவிடுவோர் பலர். அதுவே பெருங்கேடாகும்.

இதன் காரணம் யாது? நம் திருக்கோணமலைத் துறைமுகத்துள் நுழையும் பெருங்கப்பலுக்கு வழிகாட்டி மாலுமி ஒருவர் துணை நிற்பார். அதுபோல, வன்தட்டுப் பகுதியின் முதற்கூறிலே சிறு நிரல் ஒன்றுண்டு. என்.டி.எல்.டி.ஆர். என்னுங் கோப்பைத் தேடிக் கண்டு, கணினியை எழுப்புவது அதன் தொழில். கோப்பு முறைமை மாறியபின் அந்நிரலும் அதற்கேற்ப மாறுதல் வேண்டும். அது பழையதாகவே நின்றாலும், தட்டின் அமைப்பைப் பிழையாகக் கொண்டாலும் வழி தப்பிவிடும். வழிகாட்டி தடுமாறினாரேயன்றிக் கப்பலிலுள்ள பண்டம் மூழ்கிவிடவில்லை.

நிற்க, பரிகாரங்களை முறையே காண்போம்.

முதலாவதாக, செருகியுள்ள பென் டிரைவ் முதலியவற்றை அகற்றி மீண்டும் இயக்குக. சிலபோது கணினி அவற்றிலே தேடித் தோற்றிருக்கும்.

இரண்டாவதாக, வன்தட்டைக் கழற்றி, யூ.எஸ்.பி. இணைப்பியால் வேறொரு கணினியிற் பொருத்திக் கோப்புகளைப் பிரதி செய்க. ‘ஃபோர்மட் செய்யவா?’ என்று அது வினவின், இல்லை என்றே விடையிறுக்க. இப்படியைத் தாண்டிச் செல்லலாகாது. பின்வருவன யாவும் தட்டில் எழுதுவனவாதலின்.

மூன்றாவதாக, எக்ஸ்பி இறுவட்டைக் கொண்டு இயக்கி, ‘ஆர்’ விசையை அழுத்தி மீட்புத் திரைக்குச் செல்க. ஆங்கு ‘ஃபிக்ஸ்பூட்’ கட்டளை முதற்கூற்றின் நிரலைப் புதிதாக எழுதும். என்.டி.எல்.டி.ஆர். கோப்பே காணாதொழிந்திருப்பின் இறுவட்டிலிருந்து அதனைப் பிரதி செய்யலாம். ‘செக்டிஸ்க்’ தட்டின் பழுதுகளை ஆராயும். ‘ஃபிக்ஸ்எம்பிஆர்’ தட்டின் தலைப்பதிவையே மாற்றுவதாகலின், அதனை இறுதியிலேயே, அதன் எச்சரிக்கையை வாசித்த பின்னரே கையாளுக.

புதிய கணினிகளுக்கும் ஒரு குறிப்பு. யூ.இ.எஃப்.ஐ. முறையில் எழும் கணினிகளில் தொடக்கத்திற்குரிய சிறுபகுதி இன்றும் ஃபாட் 32 ஆகவே அமைகின்றது. பழையதெனக் கருதி அதனை மாற்றலாகாது.

மாற்றம் நிகழுங்கால் மின்சாரம் நின்றால் தீங்கு மிகும். 2022 இல் நாடெங்கும் நிலவிய நீண்ட மின்வெட்டுகளை நாம் மறந்திலோம். ஆதலின் மின்சேமிப்புக் கருவியின் துணையோடு, பிரதி ஒன்றை வேறிடத்தில் வைத்த பின்னரே இப்பணியைத் தொடங்குக.

மாணவச் செல்வர்காள்! திரை இருண்டதெனக் கலங்காது, கெட்டது வழிகாட்டியா பண்டமா என முதலில் ஆராய்மின். பழுதின் இடம் அறிந்தபின் செய்யும் பரிகாரமே பயன் தரும்.