பேரப்பிள்ளைக்குப் பாடத்தில் கவனம் நிற்கவில்லையா?

தொடக்கநிலை 1இல் படிக்கும் உங்கள் பேரப்பிள்ளை வீட்டுப்பாடத்தைப் பாதியிலேயே விட்டு எழுந்துவிடுகிறதா? "சோம்பேறி" என்று திட்டாதீர்கள். திட்டினால் கவனம் வராது. படிப்பின்மீது வெறுப்புதான் வரும்.

முதலில் கவனியுங்கள்:
• போதிய தூக்கம் உண்டா? இந்த வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 11 மணி நேரத் தூக்கம் தேவை.
• பார்வையும் செவித்திறனும் சரியாக உள்ளனவா? பலகையில் எழுதியது தெரியாத பிள்ளையும் கவனமில்லாததுபோல் தோன்றும்.

நீங்கள் செய்யக்கூடியவை:
• பாட நேரத்தில் தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள். நீங்கள் பார்க்கும் நாடகமும் சற்றுக் காத்திருக்கட்டும்.
• ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்லுங்கள்.
• 10 அல்லது 15 நிமிடம் படித்ததும் சிறிது ஓய்வு கொடுங்கள்.
• முடித்ததை உடனே பாராட்டுங்கள்.

வீட்டிலும் பள்ளியிலும் 6 மாதங்களுக்கு மேல் இதே நிலை நீடித்தால், பிள்ளையின் பெற்றோரிடம் சொல்லுங்கள். அவர்கள் வகுப்பாசிரியரிடம் பேசிவிட்டு, பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைக் காணலாம். அது கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறாக இருக்கக்கூடும். செல்லம் கொடுத்ததால் வருவதன்று அது, வளர்ப்பின் குறையுமன்று. உரிய உதவி கிடைத்தால் பிள்ளை முன்னேறும்.

பகலில் பிள்ளையுடன் இருப்பவர் நீங்கள் என்றால், பார்த்ததைக் குறித்துவைத்துச் சொல்லுங்கள். அது மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.