முற்றத்து வீட்டில் புது அறை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தாத்தா கட்டிய முற்றத்து வீட்டை இடிக்காமல், நல்ல சமையலறையும் குளியலறையோடு கூடிய படுக்கையறையும் சேர்த்துக்கொண்டு அங்கேயே வாழ விரும்புகிறவர்களைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. அவர்களைத் தவறான வழிக்கு இழுக்கும் சில நம்பிக்கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நம்பிக்கை: பழைய சுவருக்கு சிமென்ட் பூசினால் பலம் கூடும்.

மிகப் பெரிய சேதம் இதனால்தான். அந்தச் சுவரில் செங்கல்லை இணைக்கும் கலவையும் சுண்ணாம்பு, மேல்பூச்சும் சுண்ணாம்பு. ஓதம் ஏறாமல் தடுக்கும் அடுக்கு பழைய அடித்தளங்களில் பெரும்பாலும் கிடையாது. மண்ணின் ஈரம் மெல்ல மேலேறி, சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் வழியே ஆவியாகிவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. உள்ளே தங்கிய ஈரம் இன்னும் உயரே ஏறி, உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாகப் பெயரும். செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். வீடு பழசாகிவிட்டது என்று நினைத்து மறுபடியும் சிமென்ட்டே பூசுகிறார்கள்; அடுத்த முறை ஓதம் இன்னும் மேலே தெரியும். எமல்ஷன் பெயிண்டும் ஈரத்தை இப்படித்தான் அடைத்து வைக்கும். சுவரைத் தட்டிப் பாருங்கள். வெற்றொலி தரும் இடத்தை மட்டும் பெயர்த்துவிட்டு, சுண்ணாம்புக் கலவையாலேயே பூசி வெள்ளையடியுங்கள். இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் செட்டிநாட்டிலும் புதுச்சேரியிலும் இன்றும் இருக்கிறார்கள். தேடி அழைத்து வாருங்கள்.

நம்பிக்கை: முற்றத்தை மூடினால் ஒரு ஹால் கிடைக்கும்.

ஹால் கிடைக்கும், காற்று போய்விடும். சூடான காற்று முற்றத்தின் வழியே மேலெழுவதால்தான் வாசல் பக்கத்துக் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. பாலிகார்பனேட் ஷீட்டால் இறுக மூடிய முற்றம் மே மாதத்தில் அடுப்பாகிவிடும். திருட்டுப் பயத்துக்குக் கம்பி வலை போதும். மழைக்கு, ஓட்டு விளிம்பைவிட இரண்டடி உயர்த்தி, நாலு பக்கமும் திறந்த கூரை போடலாம்.

நம்பிக்கை: புதுப் பகுதியும் பழையதைப் போலவே இருக்க வேண்டும்.

இடித்த வீட்டுத் தேக்குத் தூண்களை விலைக்கு வாங்கி கான்கிரீட் பீமுக்கு அடியில் நிறுத்துகிறார்கள். அந்தத் தூண் எதையும் தாங்குவதில்லை. ஒரு வீடு அழிந்து இன்னொரு வீட்டுக்கு அலங்காரமாவது எனக்கு வேதனை தருகிறது. நினைவுச் சின்னங்களுக்கே கூட, புதிதாகச் சேர்ப்பது தன் காலத்தைக் காட்ட வேண்டும் என்கிறது, நினைவுச் சின்னங்களின் பாதுகாப்பு பற்றிய 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம். ஒத்துப்போக வேண்டியவை அளவுகள்: கூரையின் சாய்வு, விளிம்பின் உயரம், ஜன்னலின் நீள அகல விகிதம், தாழ்வார நிழலின் ஆழம். இவை பொருந்தினால் பெரிய கண்ணாடிக் கதவுகூடக் கண்ணை உறுத்தாது.

நம்பிக்கை: சுவர் தடிமனாக இருக்கிறது, மாடி எழுப்பலாம்.

தடிமன் மட்டும் போதாது. கலவையின் வலுவையும் அடித்தளத்தின் ஆழத்தையும் பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். அதைவிட, கொல்லைப்புறத்தில் தனி அடித்தளத்தோடு கட்டுவது நல்லது. பழைய அடித்தளம் எப்போதோ இறங்கி அமர்ந்துவிட்டது. புதியது இனிமேல்தான் சற்று இறங்கும். இரண்டையும் சேர்த்துக் கட்டினால் விரிசல் விழும். நடுவே ஓர் அங்குலம் விட்டு, நெகிழும் பொருளால் நிரப்பி, மேலே தகடு மடித்து மூடுங்கள். சமையலறை, குளியலறைக் குழாய்கள் எல்லாம் புதுப் பகுதியிலேயே ஓடட்டும். பின்னாளில் கசிவு வந்தால் உடைக்க வேண்டியது புதுச் சுவராக மட்டுமே இருக்கும்.