மோழை ஆடுகளும் மலட்டுக் குட்டிகளும்

பாலாடு வளர்ப்போர் பலர் கொம்பில்லாத மோழை ஆடுகளையே விரும்புகின்றனர். அவை கொட்டிலில் ஒன்றையொன்று முட்டிக் காயப்படுத்தா. பால் கறப்போருக்கும் இடரில்லை. இவ்விருப்பத்தாற் சிலர் மோழை மறிக்கு மோழைக் கிடாயையே தேடிச் சேர்க்கின்றனர். சானன் முதலிய ஐரோப்பியப் பாலாட்டினக் கலப்புள்ள பட்டிகளில் இதனால் வரும் நட்டம் சிறிதன்று.

இச்சேர்க்கையிற் பிறக்கும் சில குட்டிகள் முதலில் மறிபோலவே தோன்றும். கூர்ந்து நோக்கின், பெண்குறியின் கீழ்முனையில் ஒரு சிறு தடிப்பைக் காணலாம். வளர வளரக் கழுத்துத் தடித்து, கிடாய் நாற்றம் வீசி, மற்ற மறிகள்மேல் ஏறத் தொடங்கும்; ஒருபோதும் சினைப்படாது. இதனை அறியாத கமக்காரர், ஓராண்டுக்கு மேல் தீன் கொடுத்து வளர்த்தபின், கிடாயையோ கண்ணூறையோ குறை கூறுவர்.

காரணம் யாது? இக்குறைக்கும் கொம்பின்மைக்கும் தொடர்பிருத்தல் கூடுமென 1944 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஆஸ்டெல் எடுத்துக்காட்டினார். 2001 ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேச ஆராய்ச்சியாளர் அதற்குரிய மாற்றத்தை ஆட்டின் முதலாம் நிறமூர்த்தத்திற் கண்டறிந்தனர். தாய் தந்தையருள் ஒன்றிடமிருந்து மாத்திரம் இம்மாற்றத்தைப் பெற்ற குட்டி மோழையாகும், வேறு கேடில்லை. இரண்டிடமிருந்தும் பெற்றாலோ, மறியாக வேண்டிய குட்டி இருபாற்குட்டியாகி மலடாகும். கிடாய்க்குட்டிகளுள்ளும் சில விந்துக்குழாய் அடைபட்டு மலடாவதுண்டு. மாற்றத்தின் ஒரு பிரதியை மட்டும் உடைய இரு மோழைகளைச் சேர்ப்பின், சராசரியாக 8 குட்டிகளில் 1 இருபாற்குட்டியாகும்.

பரம்பரை நோய்கள் பலவற்றைக் காவும் விலங்கு புறத்தே குறி எதுவுங் காட்டாது. இரத்தத்தையோ உரோமத்தையோ ஆய்கூடத்திற் சோதித்தே அறிதல் வேண்டும். இங்கோ தலையே சாட்சி. கொம்புள்ள ஆட்டில் இக்குறை மறைந்திருப்பதில்லை. ஆனால், குட்டியின் கொம்பு முளையைச் சுட்டழித்துவிட்டால் அச்சாட்சியும் அழிந்துவிடும். ஆதலின், சுடுமுன் குட்டியின் நெற்றியைத் தடவிப் பார்த்தல் அவசியம். கொம்பு முளைக்கும் ஈரிடத்தும் மயிர்ச்சுழி இருந்து, தோல் அசையாது பற்றியிருப்பின் அது கொம்புள்ள குட்டி. சுழியின்றித் தோல் எளிதில் அசையின் மோழை. குட்டியின் அடையாளம், தாய், தகப்பன் என்பவற்றுடன் இதனையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்குக. கிடாய் வாங்கும்போது, அது பிறவி மோழையா, சுடப்பட்டதா என வினவுவதோடு சுட்ட தழும்பையும் நீங்களே தேடிப் பார்க்குக. விற்பவர் பலருக்கு இவ்வேறுபாடு தெரியாது.

உங்கள் பட்டியிற் சேர்க்கும் இணையில் ஒன்றாவது பிறவியிற் கொம்புடையதாயிருத்தல் வேண்டும். இருபாற்குட்டி ஒன்று பிறந்துவிட்டாலும் தாயைக் கழிக்க வேண்டியதில்லை. அடுத்த முறை கொம்புள்ள கிடாயிடம் விட்டாற் போதும். அக்குட்டியை இறைச்சிக்கு வளர்க்கலாம். கொம்புள்ள மறி சினைப்படாவிடின் காரணம் வேறு. அதனைக் கால்நடை வைத்தியரிடங் காட்டுக.