கல்லாவில் விழும் பணம் யாருடையது?

“இன்னார் மஞ்சள் கடிதம் கொடுத்துவிட்டாராம்” என்ற பேச்சு கடைவீதியில் எழும்போது, நாம் ஒவ்வொருவரும் ஒரு கணம் நம் கல்லாவைப் பார்த்துக்கொள்கிறோம். அவர் ஊதாரியாக இருந்திருப்பார் என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்வதும் உண்டு. ஆனால் நொடித்துப்போகிறவர்கள் எல்லோரும் ஊதாரிகள் அல்லர். விடியற்காலையில் கடை திறந்து, இரவு பத்து மணிக்குப் பூட்டி, வீண்செலவு செய்யாமல் வாழ்ந்தவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் இருந்த குறை பெரும்பாலும் ஒன்றுதான். கல்லாவில் விழுந்த பணமெல்லாம் தம் பணம் என்று எண்ணிவிட்டார்கள்.

நிலைமை முற்றிய பிறகும் வருமானத்துக்குள் வாழ வழி உண்டா? அதை இந்த இதழில் கணக்குப் போட்டே பார்ப்போம்.

ஒரு கடையின் கணக்கு

பாடத்துக்காக ஒரு மளிகைக் கடையை வைத்துக்கொள்வோம். தினசரி விற்பனை ரூ. 8,000. அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு எல்லாம் சேர்த்துச் சராசரி லாபம் நூற்றுக்குப் பன்னிரண்டரை. அதாவது 8,000 ரூபாயில் 7,000 ரூபாய் சரக்குப் பணம். அது மண்டிக்காரருக்கும் எண்ணெய்க் கடைக்காரருக்கும் உரியது. நம்முடையது 1,000 ரூபாய் மட்டுமே. மாதத்துக்கு ரூ. 30,000.

இதில் கடை வாடகை ரூ. 6,000, கரண்டு ரூ. 2,200, கடைப் பையன் சம்பளம் ரூ. 9,000, வண்டிக் கூலி, பை, நூல் முதலியன ரூ. 1,800. ஆக ரூ. 19,000. வீட்டுக்கு மிஞ்சுவது ரூ. 11,000.

வீட்டுக்குப் போனதோ ரூ. 20,000. ரொக்கமாக ரூ. 16,000, கடையிலிருந்து எடுத்த சரக்கு ரூ. 4,000. சரக்கை யாரும் எழுதவில்லை. மாதம் ரூ. 9,000 பள்ளம். ஒன்பது மாதத்தில் ரூ. 81,000. திருட்டுப் போகவில்லை, தீப்பிடிக்கவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. கல்லாவிலிருந்து வீட்டுக்குப் போன வழியிலேயே கடை கரைந்தது.

தண்டல் என்னும் ஓட்டை

பள்ளத்தை மூடத் தண்டல் வாங்குகிறோம். பத்தாயிரம் என்று பேச்சு, பிடித்தம் போகக் கையில் ரூ. 8,500. தினம் ரூ. 100 வீதம் நூறு நாள். வட்டி 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் திரும்பிப் போய்க்கொண்டிருப்பதால், இது ஆண்டுக்கு நூறு சதவீதத்துக்கும் மேற்பட்ட வட்டி.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். பன்னிரண்டரை லாபத்தில் 100 ரூபாய் தண்டல் கட்ட, 800 ரூபாய்க்கு விற்றாக வேண்டும். இரண்டு தண்டல் இருந்தால் 1,600. நாள் விற்பனையில் ஐந்தில் ஒரு பங்கின் லாபம் அதற்கே போகிறது. ஒரு தண்டலை அடைக்க இன்னொரு தண்டல் எடுப்பவர் சரக்குப் பணத்தில் கைவைத்துத்தான் கட்டுகிறார். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றின் கொடுமையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003இல் சட்டம் வந்தது. சட்டம் இருந்தாலும், கடன் வாங்கும் கை நம்முடையதுதானே.

முதலில் ஐந்தொகை

“தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன” என்பார்கள். வியாபாரத்தில் இந்தப் பழமொழி உதவாது. சாணா முழமா என்று அளந்தே ஆகவேண்டும்.

நம் பாடக் கடையின் கடன்: மூன்று மொத்த வியாபாரிகளுக்கு ரூ. 90,000, ரூ. 60,000, ரூ. 30,000. தண்டல் பாக்கி ரூ. 20,000. மைத்துனரிடம் கைமாற்று ரூ. 50,000. ஆக ரூ. 2,50,000. சொத்து: சரக்கு ரூ. 1,10,000, வாடிக்கையாளர் பாக்கி ரூ. 60,000. ஆக ரூ. 1,70,000. குறைவு ரூ. 80,000.

சரக்கில் ரூ. 40,000 பெறுமானமுள்ளது தேங்கிக் கிடப்பது. அதை ரூ. 30,000க்கு வந்தாலும் தள்ளிவிட வேண்டும். வாடிக்கையாளர் பாக்கியில் பாதியாவது வசூலாகட்டும். இந்த ரூ. 60,000இல் தண்டலுக்கு ரூ. 20,000 ஒதுக்குவோம். முன்கூட்டி அடைத்தால் தள்ளுபடி உண்டா என்று கேட்டுப் பார்க்கலாம். இல்லையென்றால் நாள் தவணையிலேயே முடித்து, மறுபடி எடுக்காமல் இருப்போம். மீதி ரூ. 40,000 மொத்த வியாபாரிகளுக்கு.

நான்கு டப்பா

இனி வரவு செலவு. தேவையில்லாமல் ஓடும் குளிர்ப்பெட்டியை நிறுத்தினால் கரண்டு ரூ. 1,500. பையனுக்கு அரைநாள் வேலை, சம்பளம் ரூ. 6,000. மாலையில் வீட்டம்மா கடையில் உட்காருவார். பையனிடம் இதை ஒரு மாதம் முன்பே சொல்லி, பழைய சம்பள பாக்கியைக் கொடுத்துவிட வேண்டும். நம் கஷ்டத்தை அவன் தலையில் இறக்கக் கூடாது. மற்றச் செலவு ரூ. 1,500. வாடகையோடு கடைச் செலவு ரூ. 15,000.

இரவு கடை பூட்டுமுன் நான்கு டப்பாக்களில் அன்றைய பணத்தைப் பிரிப்போம்:

1. சரக்கு: ரூ. 7,000
2. கடைச் செலவு: ரூ. 500
3. வீடு: ரூ. 365
4. பழைய பாக்கி: ரூ. 135

விற்பனை 6,000 ஆனால் எல்லா டப்பாவும் அதே விகிதத்தில் குறையும். கடை வாடகை குறையாதே என்றால், அந்தக் குறையை வீட்டு டப்பா தாங்க வேண்டும், சரக்கு டப்பா அல்ல. முதல் டப்பாவைத் தொட்டவர் அடுத்தவர் பணத்தைத் தொட்டவர்.

வீட்டுக்கு மாதம் சுமார் ரூ. 11,000. கடையிலிருந்து எடுக்கும் சரக்கும் கொள்முதல் விலையில் இதற்குள் அடக்கம். கடினம்தான். மருந்து, பள்ளிச் செலவு, வீட்டுக் கரண்டு இவற்றை முதலில் ஒதுக்கி, மீதியில்தான் சமையல். “மளிகைக் கடைக்காரர் வீட்டில் ரேஷன் அரிசியா?” என்று ஊர் கேட்கும். கேட்கட்டும். மொய்யை முன்போல் எழுத முடியாது. இதையெல்லாம் வீட்டில் மறைக்காமல் சொல்ல வேண்டும். மனைவிக்குத் தெரியாமல் போடும் வரவு செலவுத் திட்டம் ஒரு வாரம்கூட நிற்காது.

கடன்காரரிடம் போவது

உரக்கக் கேட்பவருக்கு முதலில் கொடுப்பதும், பொறுமையானவரைக் காக்க வைப்பதும் நம் வழக்கம். பொறுமையானவர்தான் முதலில் நம்பிக்கை இழப்பார். ஆகவே அவர் ஆள் அனுப்புமுன் நாமே கணக்குத் தாளோடு போவோம்.

“அண்ணாச்சி, உங்களுக்கு 90 தரணும். மத்த ரெண்டு பேருக்கும் 60, 30. கையிலே 40 இருக்கு. உங்களுக்கு 20. மீதி அவங்களுக்கு அதே கணக்கு. இனி சரக்கு ரொக்கத்துக்குத்தான் எடுப்பேன். பழசுக்கு மாசம் 4,000, மூணு பேருக்கும் பங்குப்படி.”

அவர் கோபப்படலாம். ஆனால் தாளில் இருப்பது உண்மைக் கணக்கு என்றால் பேச்சு தொடரும். மீதி ரூ. 1,40,000 முப்பத்தைந்து மாதத்தில் தீரும். மைத்துனர் சம்மதித்தால் அவர் முறை அதற்குப் பின். பேசி முடித்ததை எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொள்வோம்.

கோர்ட்டுக்குப் போகும் நிலை வந்தால்

எல்லாம் செய்தும் தேறாத கடைகள் உண்டு. அவர்களுக்குச் சட்டம் வழி வைத்திருக்கிறது. சென்னை நகருக்கு 1909ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டம், மற்ற ஊர்களுக்கு 1920ஆம் ஆண்டுச் சட்டம். 2016இல் புதிய சட்டம் வந்தது. அதன் தனிநபர் பகுதி 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே.

1920ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் நினைவில் கொள்ள வேண்டியவை:

மூன்று ஆண்டுக் கணக்குப் புத்தகங்கள் ஒழுங்காக இல்லாவிட்டால் விடுதலை உத்தரவு மறுக்கப்படலாம். நொடித்தது தெரிந்த பிறகும் வியாபாரத்தைத் தொடர்ந்திருந்தாலும் அப்படியே. பெயருக்கு மனைவி மேலோ தம்பி மேலோ எழுதிவைத்த சொத்தை, எழுதி இரண்டு ஆண்டுக்குள் மனு வந்தால் கோர்ட் ரத்து செய்ய முடியும். மனுவுக்கு முந்திய மூன்று மாதத்தில் வேண்டியவருக்கு மட்டும் சலுகையாகக் கொடுத்ததும் செல்லாது. ஜாமீன் போட்டவரும் கூட்டாளியும் நம் விடுதலையால் விடுபடுவதில்லை. அதே சமயம் உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, தாலி ஆகியவை ஜப்திக்கு அப்பாற்பட்டவை. மனுவில் கையெழுத்திடுமுன் வக்கீலிடம் கணக்குகளைக் காட்டி ஆலோசனை பெறுவது அவசியம்.

ஆக, கடை நிலைத்தாலும் சரி, கோர்ட்டுக்குப் போனாலும் சரி, நம்மைக் காப்பது எழுதிய கணக்குதான். இன்றிரவு கடை பூட்டியதும் ஒரு தாளை எடுப்போம். யாருக்கு எவ்வளவு, யாரிடமிருந்து எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு என்று மூன்று பத்தி எழுதுவோம். தூக்கம் வராமல் இருப்பது தொகை தெரியாததால்தான். தெரிந்துவிட்டால், நாளைக் காலை எந்தக் கதவைத் தட்டுவது என்பதும் தெரிந்துவிடும்.